ஆகஸ்டில் ஒரு மயில் வசீகரன்

அந்தப் பட்டாம்பூச்சிக்கு ஆளுக்கொரு பெயர் சொல்லியிருந்தால்கூட பிலிஸ் மனுவேல் பொறுத்துக்கொண்டிருப்பாள். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை.

"மயில் வசீகரன்," என்றான் சேஷு, மழைக்கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டியபடி. "காலேஜ் புரொஃபசரும் அதையேதான் சொல்றாரு மேடம். இங்கிலீஷ்ல பீகாக் பான்சி. ஆரஞ்சு றெக்கை, மயில்கண் மாதிரி பொட்டு. சந்தேகமே இல்லையாம்."

"எங்க கெடைக்குமாம்?"

"எங்க கிடைக்காதுன்னு கேட்டா சீக்கிரம் முடிஞ்சிரும். இந்தியா, இலங்கை, பர்மா, தாய்லாந்து, மலேசியா, சைனா. வயல், குளக்கரை, ரோட்டோரப் புல்லு. இவனுக்கு பாஸ்போர்ட், விசா எதுவும் வேணாம்."

ஜன்னலுக்கு வெளியே புனேயின் கேம்ப் கடைத்தெரு நனைந்துகொண்டிருந்தது. கீழே இருந்த தையல்கடையின் மெஷின் சத்தம் மரத்தரை வழியாக மேலே வந்து அவள் தலைவலியோடு சேர்ந்துகொண்டது.

பிலிஸின் தாத்தா பாளையங்கோட்டையிலிருந்து புனே பக்கத்துக் கிர்க்கிக்கு ராணுவ ஆபீஸ் வேலைக்கு வந்தவர். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் புனேயில்தான். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைத் துருவிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள், ஐம்பதை நெருங்கும்போது வேலையை விட்டுவிட்டு இந்த அறையில் துப்பறியும் ஏஜென்சி தொடங்கினாள். சேஷு சென்னைக்காரன். மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். தன் வேலை யாரால் போனது என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்க வந்தான். கண்டுபிடித்துக் கொடுத்த பிறகும் போகவில்லை.

இப்போது அவர்கள் கையில் இருந்தது ஒரு பெண் காணாமல்போன வழக்கு.

ஸ்ரீவித்யாவுக்கு இருபத்தேழு வயது. கோயம்புத்தூர்ப் பெண். அவளும் மகர்பட்டாவில் வேலை பார்த்தவள்தான். மே மாதம் ஆட்குறைப்பில் வேலை போனது. ஊருக்குப் போய் அம்மாவோடு இருந்துவிட்டு ஜூலை முதல் வாரம் திரும்பி வந்தாள். பாங்காக்கில் வாடிக்கையாளர் சேவை வேலை கிடைத்திருக்கிறது, டிக்கெட் அவர்களே எடுக்கிறார்கள் என்று சொல்லி ஒரே ஒரு பையோடு கிளம்பினாள். அதன்பிறகு அவள் குரலை யாரும் கேட்கவில்லை. எப்போதாவது ஒரு செய்தி வரும். 'நல்லா இருக்கேன். வேலை ஜாஸ்தி. பேச முடியாது.' அம்மா விசாலம் பயந்துபோய் சிங்காநல்லூர் வீட்டைப் பூட்டிவிட்டுப் புனே வந்து, மகள் வாடகைக்கு இருந்த ஃப்ளாட்டிலேயே தங்கிவிட்டாள். வெளிநாட்டு வேலை என்று கூட்டிப்போய் அடைத்துவைத்து, ஃபோனில் ஊரை ஏமாற்றச் சொல்லும் கும்பல்களைப் பற்றி அவளும் பேப்பரில் படித்திருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஜெயந்த் மரியாதையாகவே பேசினார். பெண் மேஜர், தானே செய்தி அனுப்புகிறாள், இருப்பது வேறு நாடு, தூதரகத்துக்கு எழுதுங்கள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஒரு படம் வந்தது. ஸ்ரீவித்யாவின் விரல்நுனியில் றெக்கையைப் பாதி விரித்து ஒரு பட்டாம்பூச்சி. 'இன்னிக்கு ஆபீஸ் தோட்டத்துல இது என் கைல வந்து உக்காந்துச்சும்மா. தேடாதீங்க.'

பிலிஸ் அந்தப் பூச்சியைப் பிடித்துக்கொண்டாள். அது எந்தக் காட்டில், எந்த மலையில் மட்டும் வாழ்வது என்று தெரிந்தால் அந்தப் பெண் இருக்கும் இடம் கொஞ்சமாவது சுருங்கும் என்று நினைத்தாள். சேஷு படத்தை வெட்டி, றெக்கைகள் பெரிதாகத் தெரியும்படி செய்தான். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் ஊரெல்லாம் அலைந்தார்கள். சுருங்குவதற்குப் பதிலாக இடம் பாதி ஆசியாவாக விரிந்துவிட்டது.

"வேற யாரு பாக்கி?" என்று கேட்டாள் பிலிஸ்.

"பாணேர்ல கரோலின்னு ஒருத்தங்க. நம்மாளுங்கதான். பேங்க்ல பெரிய வேலை. லீவு நாள்ல மலைல போய் பட்டாம்பூச்சி எண்ணுவாங்களாம்."

"அவளும் மயில் வசீகரன்னு சொன்னா அந்த மலையிலயே உன்னத் தள்ளிவிட்டுருவேன், பாத்துக்க."

* * *

கரோலினுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பதினோராவது மாடி ஃப்ளாட்டில் காபி கொடுத்து உட்காரவைத்தாள். வீட்டில் பேசும் தமிழ் மட்டும்தான் தெரியும், படிக்க வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். சேஷு நீட்டிய போனை வாங்கி ஒரு நொடிதான் பார்த்தாள்.

"பீகாக் பான்சி. ரொம்ப காமன். இதுக்கா மழைல இவ்ளோ தூரம் வந்தீங்க?"

பிலிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பேரை உங்க வாயாலயும் ஒரு தடவ கேட்டுரலாம்னுதான் வந்தோம்," என்றான் சேஷு.

கரோலின் சிரித்தபடி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்ல படம். விண்டர்ல எடுத்ததா?"

"இல்லம்மா, இப்பத்தான். இந்த ஆகஸ்ட்ல," என்றாள் பிலிஸ்.

"சான்ஸே இல்ல ஆன்ட்டி."

அவள் சொன்ன விதத்தில் பிலிஸ் காபியைக் கீழே வைத்தாள். கரோலின் லேப்டாப்பைத் திறந்து இரண்டு படங்களை அருகருகே வைத்தாள். ஒன்றில் றெக்கையின் ஓரம் வளைவாக இருந்தது. அடிப்பக்கத்திலும் கண் கண்ணாகப் பொட்டுகள். இன்னொன்றில் றெக்கையின் நுனி கொக்கிபோல் வெட்டி, பின்றெக்கையில் காம்பு மாதிரி சின்ன வால் நீண்டிருந்தது. அடிப்பக்கம் பழுப்பு, நடுவில் ஒரு கோடு. காய்ந்த இலை என்றே சொல்லலாம்.

"ரெண்டும் ஒரே பூச்சிதான். இது மழைக்காலத்துல பிறந்தது. இது விண்டர்ல, எல்லாம் காஞ்சிருக்கும்போது பிறந்தது. தமிழ்ல எப்படிச் சொல்றது... மழைல எல்லாம் பச்சையா இருக்கும். பறவை அந்தக் கண்ணைக் கொத்தும், உடம்பு தப்பிச்சிடும். விண்டர்ல காஞ்ச இலை மாதிரி சும்மா உட்கார்ந்தா போதும், யாரும் பாக்க மாட்டாங்க."

"அப்ப சீசனுக்கு சீசன் டிரெஸ் மாத்துமா?" என்றான் சேஷு.

"மாத்தாது. ஒரு பூச்சிக்கு ஒரே டிரெஸ்தான். எப்ப பிறக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி." கரோலின் ஸ்ரீவித்யா அனுப்பிய படத்தில் விரலை வைத்தாள். "உங்களோடதுல வால் இருக்கு பாருங்க. நுனியும் கொக்கி. இது டிசம்பர், ஜனவரி."

"பாங்காக்ல?"

"அங்கயும் இப்ப மழைதானே."

இரண்டு பேரும் லிஃப்டில் இறங்கினார்கள். கார் வரை நனைந்துகொண்டே போனார்கள். பிலிஸ் சாவியைப் போட்டாள், வண்டியைக் கிளப்பவில்லை.

"இத்தன நாளா தப்பான கேள்வியக் கேட்டுக்கிட்டு அலைஞ்சிருக்கோம். எந்த ஊர்னு கேட்டோம். எந்த மாசம்னு கேக்கலை."

"பழைய படம்னா..." சேஷு தயங்கினான். "அவங்க போன்ல ஏற்கெனவே இருந்த படம். அதை இப்ப யாரோ எடுத்து அனுப்பியிருக்காங்க."

"யாரோ. அந்தப் புள்ள அனுப்பினதுன்னு சொல்லதுக்கு நம்ம கையில என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. உசுரோட இருக்காங்கதுக்கே இந்த ஒரு படம்தான் சாட்சியா இருந்துச்சு. இப்ப அதும் போச்சு."

சேஷு படத்தை மூடிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டான்.

* * *

விசாலம் தங்கியிருந்த மகர்பட்டா, பாணேரிலிருந்து பார்த்தால் புனேயின் அந்தக் கோடி. வழியெல்லாம் மேம்பால வேலை, பள்ளம், ஹாரன். பிலிஸ் மூன்று சிக்னல் வரை ஆட்டோக்காரர்களை மராத்தியில் திட்டினாள். அதன்பிறகு அதுவும் நின்றுபோயிற்று. அந்தத் தாயிடம் எப்படித் தொடங்குவது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். ஒரு தொடக்கமும் சரியாக வரவில்லை.

விசாலம் கதவைத் திறந்ததுமே கேட்டாள். "ஏனுங்க, எதாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

பிலிஸ் சுற்றி வளைக்கவில்லை. நேராகச் சொன்னாள். அந்தப் பூச்சி குளிர்காலத்தில் பிறந்தது. அதனால் அது பழைய படம். ஸ்ரீவித்யாதான் அனுப்பினாள் என்று இனி நிச்சயமாகச் சொல்ல முடியாது.

விசாலம் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். அவள் முகம் மாறவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள்.

"அதெப்படிங்க பழசாகும்? என்ற புள்ள கைய எனக்குத் தெரியாதுங்களா?"

"கை அவ கைதாம்மா. அதை யாரும் இல்லன்னு சொல்லலை. எடுத்தது எப்பன்னுதான்..."

"அதத்தானுங்க நானும் சொல்றேன். பெருவெரலப் பாருங்க."

"பெருவெரலா?"

"ஆனி மாசம் ஊருக்கு வந்தப்ப பலாப்பழம் அரியறேன்னு அருவாமணைல வெட்டிக்கிட்டாளே. நாலு தையல் போட, நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அந்தத் தழும்பு படத்துல இருக்குதுங்களே."

பிலிஸ் சேஷுவின் போனை வாங்கிப் பார்த்தாள். அதில் றெக்கைகளும் ஒரு விரல்நுனியும் மட்டும்தான் இருந்தன.

"உங்க போனைக் குடுங்க," என்றாள் விசாலத்திடம்.

முழுப் படமும் அதில் இருந்தது. நீட்டிய ஆள்காட்டி விரல், அதற்குக் கீழே மடங்கியிருந்த பெருவிரல், அதன் அடியில் குறுக்காக ஒரு புதிய இளஞ்சிவப்புத் தழும்பு. முதல் தடவை இதே படத்தை இதே போனில்தான் பிலிஸ் பார்த்திருந்தாள். பூச்சியைத்தான் பார்த்தாள். கையைப் பார்க்கவில்லை.

"நான்தான் மேடம் வெட்டினேன்," என்றான் சேஷு மெதுவாக. "பூச்சி தெளிவா தெரியட்டும்னு."

"வெட்டினது நீ. வெட்டச் சொன்னது நான். இப்ப அது கெடக்கட்டும்." பிலிஸ் படத்தைப் பெரிதாக்கினாள். கைக்கு அடியில், படத்தின் ஓரத்தில், கட்டம் போட்ட கனத்த துணி. சிவப்பும் நீலமும் கலந்து, ஓரத்தில் பூவேலை. "இது என்னம்மா?"

விசாலம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். "சோலாப்பூர் போர்வைங்க, இந்த ஊர்ல எங்க பாத்தாலும் விக்கறது. முன்னால இங்க வந்தப்ப இவளுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். பாங்காக்ல வெயில் கொளுத்தும், இது எதுக்குன்னு இங்கயே வெச்சுட்டுப் போயிட்டா. அதா, கட்டில்ல கெடக்குது பாருங்க. அது பச்சை. இது வேற."

பிலிஸ் கட்டிலைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். அப்படியே கரோலினுக்கு போன் போட்டாள்.

"கரோலின், இந்தப் படம் இப்ப எடுத்ததுதான். அதுக்கு சாட்சி இருக்கு. அப்படின்னா டிசம்பர் மாசத்துப் பூச்சி ஆகஸ்ட்ல எப்படி வரும்?"

கரோலின் வேகமாகப் பேசினாள். பிலிஸ் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பூச்சிக்கு காலண்டர் தெரியாது ஆன்ட்டி. புழுவா இருக்கும்போது எவ்ளோ குளிர், பகல் எவ்ளோ நேரம், அதை வெச்சுதான் எந்த டிரெஸ்னு முடிவாகும். வெளிய மழை பெய்யட்டும், நீங்க அந்தப் புழுவை ஒரு ஏசி ரூம்ல, வெளிச்சம் கம்மியா வெச்சு வளர்த்தா, அது டிசம்பர்னு நினைச்சுக்கும். லேப்ல செஞ்சிருக்காங்க."

"எத்தன நாள் அப்படி இருக்கணும்?"

"புழு பொரிஞ்சதுலேர்ந்து பூச்சி வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு மாசம். அவ்ளோ நாளும் குளிர், அவ்ளோ நாளும் இருட்டு. கொஞ்ச நேரம் ஏசி போட்டா பத்தாது."

"புழு எதைத் திங்கும்?"

"நீர்முள்ளின்னு ஒரு முள்ளுச்செடி. ஓடைப்பக்கம், தண்ணி நிக்கிற இடத்துல வளரும். அந்தக் குடும்பத்துச் செடிங்கதான்."

பிலிஸ் போனை வைத்தாள்.

"தோட்டமும் இல்ல, பாங்காக்கும் இல்ல," என்றாள் பிலிஸ். "ஜன்னலை அடைச்ச வீடு. ராப்பகலா ஏசி. குளிருக்குப் போத்திக்க சோலாப்பூர் போர்வை. பக்கத்துல ஓடை. அம்மா, உங்க பொண்ணு ஏரோப்ளேன்லயே ஏறலைன்னு நினைக்கேன். ஆளை இங்க அடைச்சு வெச்சுட்டு பாங்காக்னு சொல்லச் சொல்லிட்டா, வீட்டு ஆளுங்க தூதரகத்துக்கு எழுதிக்கிட்டே இருப்பாவ. அடுத்த தெருவுல யாரும் தேட மாட்டாவ."

விசாலம் போனை வாங்கி அந்தக் கையைப் பார்த்தாள். "உசுரோட இருக்கறாள்ல?"

"அந்தப் பூச்சி பொறக்கும்போது இருந்தா."

பிலிஸ் கார் சாவியை எடுத்தாள்.

* * *

ஏசி சர்வீஸ் நடத்தும் சேவியர் பிலிஸின் சர்ச்காரர். ஆறு வேன் வைத்திருப்பவர், கோயிலில் பாட்டுக்குழுவில் எல்லோரையும் விட சத்தமாகப் பாடுபவர்.

"ஆகஸ்ட்ல ஏசியா?" என்று போனிலேயே சத்தமாகச் சிரித்தார். "புனேக்காரன் இந்த மழைல ஃபேன் போடவே யோசிப்பான் பிலிஸ். எங்க பசங்க வேன்ல உக்காந்து சீட்டு விளையாடுறானுங்க. கம்ப்யூட்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி இதைத் தவிர வீட்டுலேர்ந்து வந்த கம்ப்ளெயிண்ட் ரெண்டே ரெண்டு. ஒண்ணு பாணேர் ஹைவே ஓரம். இன்னொண்ணு சூஸ் போற ரோட்ல, ஓடைப் பக்கம் ஒரு பங்களா."

ஓடை என்றதும் அங்கேதான் முதலில் போயிருக்க வேண்டும். ஆனால் ஹைவே வீடு வழியிலேயே இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் அடைத்து, கனத்த திரை போட்டிருந்தது. வெளியே இரண்டு ஏசி யூனிட் உறுமிக்கொண்டிருந்தன. சேஷு பார்சல் கொண்டுவந்தவன் மாதிரி போய் மணி அடித்தான். ஒரு நடுத்தர வயதுக்காரர் திறந்தார். அவருக்குப் பின்னால், பளிங்குத் தரையில், கரடிக்குட்டி அளவில் வெள்ளை நாய் ஒன்று மல்லாந்து படுத்திருந்தது.

திரும்பி வந்து காரில் ஏறினான். "ஹஸ்கி மேடம். ரஷ்யா பக்கத்து நாய். வெளிச்சம் பட்டா தூக்கம் கெடுமாம், உடம்பு சூடாகுமாம். என் வாடகை ரூம்ல ஃபேன்கூட ஒரு பக்கம்தான் சுத்துது."

"வாய மூடிட்டு உக்காரு." பிலிஸ் ஸ்டீயரிங்கைக் கையால் அடித்தாள். இந்த வழக்கில் கதவு திறந்த இடமெல்லாம் சுவர்தான் இருந்தது. இன்னொரு சுவர் வந்தால் விசாலத்தின் முகத்தில் விழிக்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

சூஸ் சாலையிலிருந்து ஒரு மண் வழி பிரிந்து ஓடைக்கு இறங்கியது. தனியாக இரண்டு மாடி பங்களா. முன்வாசலில் பூட்டு. எல்லாக் கண்ணாடிகளிலும் உள்பக்கம் கறுப்புக் காகிதம். ஆளில்லாததுபோல் தெரிந்த வீட்டின் பக்கச்சுவரில் ஐந்து ஏசி யூனிட்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிலிஸ் குடையோடு பின்பக்கம் சுற்றி நடந்தாள். ஓடைத் தண்ணீர் காம்பவுண்டைத் தொட்டுக்கொண்டு போனது. சுவரோரம் இடுப்புயரத்துக்கு ஒரு செடி மண்டியிருந்தது. கணுவுக்குக் கணு மஞ்சள் முள். ஊதாப் பூ. குளியலறை ஜன்னல் கம்பிக்கு எட்டுகிற தூரத்தில் மட்டும் அதன் இலைகள் கிள்ளப்பட்டிருந்தன.

அவள் அந்த மொட்டைக் காம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காருக்குத் திரும்பினாள்.

"ஜெயந்த்துக்கு போன் போடு."

"அவர்தான் பொண்ணு மேஜர், தூதரகம்னு சொல்லி அனுப்பிட்டாரே மேடம். பட்டாம்பூச்சிக்கு வால் இருக்குன்னு சொன்னா நம்மளைத்தான் புடிச்சு வைப்பாரு."

"பொண்ணைப் பத்தி யாரு பேசப் போறா?" போன் எடுக்கப்பட்டதும் பிலிஸ் மராத்திக்கு மாறினாள். சூஸ் ஓடையோரம் ஒரு பங்களாவில் திருட்டுக் கால்சென்டர் நடக்கிறது என்றாள். வயதானவர்களை மிரட்டிப் பணம் பிடுங்குகிறார்கள், ஆட்கள் இப்போது உள்ளேதான் இருக்கிறார்கள், மற்ற ஸ்டேஷனுக்குச் சொல்வதற்கு முன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றாள்.

காணாமல்போன பெண்ணுக்கு வராத இன்ஸ்பெக்டர் இரண்டு ஜீப்போடு வந்தார்.

* * *

உள்ளே முதலில் முகத்தில் அடித்தது குளிர். பிறகு நீண்ட கூடம், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், தலையில் ஹெட்போன் மாட்டிய இளைஞர்கள். போலீஸைப் பார்த்ததும் அவர்களில் யாரும் ஓடவில்லை. ஓட முயன்றவர்கள் இரண்டு பேர்தான். அவர்கள் மேற்பார்வைக்காரர்கள். மாடிப்படியிலேயே பிடிபட்டார்கள்.

ஸ்ரீவித்யா கடைசி வரிசையில் இருந்தாள். தோளைச் சுற்றிச் சிவப்பு நீலக் கட்டம் போட்ட போர்வை. மிகவும் இளைத்திருந்தாள். பிலிஸ் தமிழில் அவள் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றாள். நின்றவள், தான் நிற்கலாமா கூடாதா என்று தெரியாததுபோல் திரும்பி மேற்பார்வைக்காரனின் நாற்காலியைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

"அம்மா கார்ல வந்துக்கிட்டிருக்காவ," என்றாள் பிலிஸ். "நீ இங்கதான் இருக்கேன்னு அந்தப் பட்டாம்பூச்சியை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம். தெரிஞ்சுதான் அனுப்பினியா?"

அந்தப் பெண்ணுக்கு எதுவும் புரியவில்லை.

"இல்லீங்க. பாத்ரூம் ஜன்னல்ல கை விட்டா ஒரு செடி எட்டும். வந்த வாரமே அதுல ரெண்டு குட்டிப் புழு இருந்துச்சு. சாப்பாடு வர்ற டப்பால போட்டு என் படுக்கைக்கிட்ட வெச்சுக்கிட்டேன். இங்க பாத்துக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்லீங்களே. ஒண்ணு செத்துப்போச்சு. இன்னொண்ணு பூச்சியாச்சு."

"படம்?"

"அவங்களே எடுத்தாங்க. அம்மா சந்தேகப்படறாங்க, தோட்டம்னு எழுதி அனுப்புன்னாங்க. பூச்சி இருந்தா நம்புவாங்கன்னு." கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் சரின்னேங்க. அம்மா அழகா எதையாச்சும் பாக்கட்டும்னு."

பிலிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

வெளியே மழை விட்டபாடில்லை. விசாலம் வந்து இறங்கியபோது தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழவில்லை. விசாலம் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பெருவிரலைப் பிரித்துத் தழும்பைத் தடவிப் பார்த்தாள். "என்ன கண்ணு இப்பிடி எலும்பாட்டம் ஆயிட்டே," என்று மட்டும் கேட்டாள். அதற்குத்தான் ஸ்ரீவித்யா அழுதாள்.

ஜெயந்த் ஜீப்பின் பக்கத்தில் நின்று, தான் அன்று சொன்னதைப் பற்றிப் பேசலாமா என்று யோசிப்பவர்போல் பிலிஸைப் பார்த்தார். பிலிஸ் அவருக்கு உதவவில்லை.

மற்றவர்கள் சன்ஷேடுக்குக் கீழே கூட்டமாக நின்றார்கள். சூரத், ராஞ்சி, விஜயவாடா, எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள். எல்லோருடைய வீட்டையும் பொறுத்தவரை அவர்கள் பாங்காக்கில் இருந்தார்கள். போன்கள் எல்லாம் போலீஸ் மூட்டையில் கிடந்தன. சேஷு தன் போனை ஒவ்வொருவர் கையிலாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். பேசி முடித்தவர்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். அவன் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

கடைசியாக வாங்கியவன் ஒல்லியான மராத்திப் பையன். புனே பக்கத்துச் சாகணில் ஒரு தொழிற்சாலையில் இருந்த வேலை போனவன். அவன் வீடு அங்கிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருந்தது. அம்மா எடுத்ததும் மராத்தியில் "ஆயி" என்றான். மறுமுனையில் அம்மா சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டே போனாள். சாப்பிட்டாயா, வேலை எப்படி இருக்கிறது, சத்தம் கேட்கிறதே, பாங்காக்கில் மழையா.

"அவங்க என்ன கேக்கறாங்க மேடம்?" என்றான் சேஷு.

பிலிஸ் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பையன் பதில் சொல்லிவிட்டான்.

"பாங்காக் இல்ல, ஆயி. இது நம்ம வீட்டுல பெய்யற அதே மழைதான்."